அடுப்புக்கு மேலே ஒரு கல்

சடையாண்டி அநியாயங்களை வரிசை தப்பாமல் சொன்னார். தோட்டத் தொழிலாளர் சங்க மேடைகளில் நாற்பது வருஷமாகச் சொல்லிவந்த வரிசை அது.

“முதலாவது, வின்ஸ்லேட் துரை மலைமேல் பன்னிரண்டு கல்வீடுகளைக் கட்டி, தன் தோட்டத்துக் கூலிகளாக எங்களை அதில் அடைத்தான்.

“இரண்டாவது, உள்ளே நுழையும்போதெல்லாம் நாங்கள் குனிய வேண்டும் என்றே வாசலைத் தாழ்வாக வைத்தான்.

“மூன்றாவது, வெளியே நடப்பது எங்களுக்குத் தெரியக்கூடாது என்று சன்னலை இரண்டு சாண் அகலத்தில் வைத்தான்.

“நான்காவது, துரை கப்பலேறிய பிறகு பங்களாவை வாங்கிய நம் நாட்டுத் துரை, எங்கள் வீட்டு வரிசைக்கு வந்துகொண்டிருந்த ஓடைத் தண்ணீரை மறித்தான்.

“ஐந்தாவது, தண்ணீர் கேட்கப் போன பதினோரு பேரைத் தடியால் அடித்தார்கள். அதில் நான் ஒருவன். இதோ, இந்த விரல் இன்னும் மடங்காது.

“ஆறாவது, துரை பெயரில் ஒரு டிரஸ்ட் முளைத்தது. இவை துரை கட்டிய பழம்பெரும் சின்னங்கள், நீங்கள் காலி செய்யுங்கள் என்கிறது.

“ஏழாவது, சுவர் அழுகிறது. மழை நின்று இரண்டு மாதம் ஆகியும் உள்ளே ஈரம் வடிகிறது. குடியிருப்பவர்கள்தான் வீட்டைப் பாழாக்கினார்கள் என்று அதையும் எங்கள் தலையில் கட்டுகிறார்கள்.”

கேட்டுக்கொண்டிருந்தவள் திம்மக்கா. மலை அடிவாரத்தில் சுண்ணாம்பு வேலை செய்யும் கொத்தனார். வயது நாற்பத்து நான்கு. எழுந்து நின்றால் சடையாண்டியின் நெஞ்சுவரை வருவாள். பழைய கல்சுவருக்கு அவளை விட்டால் அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை என்பதால்தான் அவர் இறங்கி வந்திருந்தார். அவர் இப்படி எவரிடமும் இறங்கி வந்ததில்லை.

தொட்டியில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் நீளக் கழியால் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

“முடிஞ்சுதா, தலைவரே?”

“ஏழு. அவ்வளவுதான்.”

“ஒண்ணு விட்டுட்டீங்க.”

“எதை?”

அவள் ஆவி முகத்தில் அடிக்காமல் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

“விட்டிருக்க முடியாதும்மா. எல்லாம் துண்டறிக்கையிலே இருக்கு. நானே எழுதினது. நாலு பதிப்பு போட்டாச்சு.”

“அப்ப நாலு தடவை விட்டிருக்கீங்க.”

சடையாண்டிக்குச் சுருக்கென்றது. அவருடைய பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு முடிந்தது. மிச்சப் படிப்பு முழுவதும் துண்டறிக்கைகளில். தன்னைத் திருத்த வந்த வக்கீல்களையும் வாத்தியார்களையும் அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆனால் வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

“டிரஸ்ட் போட்ட வழக்குக்காகக் கோட்டாட்சியர் வியாழக்கிழமை நேரிலே பார்க்க வர்றார். ஒன்பது நாள்தான் இருக்கு. அதுக்குள்ளே சுவர் அழறதை நிறுத்த முடியுமா?”

“டிரஸ்ட் வக்கீல் வேற என்ன சொல்றார்?”

சடையாண்டி பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“என் துண்டறிக்கையையே எனக்கு எதிரா வச்சிருக்கான்.”

“எப்படி?”

“கடைசி வரி எங்க முழக்கம். ‘கட்டிய கைக்கே வீடு சொந்தம்.’ முதல் வரி, ‘துரை பன்னிரண்டு வீடுகளைக் கட்டி’. ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறான். தலைவர் கொள்கைப்படியே வீடு துரைக்குத்தான்னு சிரிக்கிறான்.”

கழி நின்றது.

“நீங்கதானே எழுதினீங்க?”

“ஆமா.”

கழி மறுபடி சுற்றியது.

“வர்றேன். ஒரு சித்தாள் வேணும்.”

“சங்கத்திலே இருபது பேர் இருக்காங்க. நாளைக்கே...”

“ஒரு சித்தாள் போதும். நீங்க.”

கொத்தனாருக்குக் கல்லும் சாந்தும் சுமந்து கொடுப்பவர் சித்தாள். எங்கேயும் பெண்கள் செய்கிற வேலை. எங்கேயும் கூலி குறைந்த வேலை. அதை எதிர்த்தும் சடையாண்டி ஒரு துண்டறிக்கை எழுதியிருந்தார்.

“எனக்கு அறுபத்திரண்டு வயசு.”

“தலையிலே சும்மாடு சுத்திச் சட்டி வச்சா நிக்குமில்லே?”

*

மறுநாள் காலை திம்மக்கா வரிசையின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

பன்னிரண்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இரண்டு முழக் கனம். செங்குத்தாகச் சரியும் கூரை. வீட்டுக்கு ஒரு கல் புகைபோக்கி. பெரிய கல் அடியில், சிறியது மேலே, மூலைக்கு மூலை நன்றாகக் கொத்தி மட்டம் பார்த்த கல்.

ஏழாம் வீடு சடையாண்டியுடையது. அவர் வாசலுக்குப் போய், திரும்பி நின்று, முழங்காலை மடக்கி, பின்பக்கமாக உள்ளே நுழைந்தார்.

திம்மக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன சிரிப்பு?”

“நண்டு வளைக்குள்ளே போற மாதிரி இருந்துது.”

“துரை வாசலுக்கு நான் தலை குனிய மாட்டேன். இருபது வயசிலே எடுத்த முடிவு. நாற்பத்திரண்டு வருஷமா இப்படித்தான்.”

“முதுகு வலிக்கலே?”

“வலிக்குது. அதனாலே?”

“ஒண்ணுமில்லே,” என்றாள் திம்மக்கா. அவர் சொன்ன விதம் அவளுக்குப் பிடித்திருந்தது.

*

“சுவர் ஏன் அழுது?” என்று கேட்டார் சடையாண்டி.

திம்மக்கா தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். அவருடைய இடது கையை அதற்குள் நுழைத்து, மணிக்கட்டில் கயிற்றால் கட்டினாள்.

“மத்தியானம் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. மணல் சலியுங்க.”

சடையாண்டி சலித்தார். சங்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “என்ன தலைவரே, கையிலே என்ன?” என்றவர்களை முறைத்தார்.

மத்தியானம் அவள் கயிற்றை அவிழ்த்தாள். உறையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கை வெளுத்து, சுருங்கி, வேறொருவர் கைபோல இருந்தது.

“உள்ளே தண்ணி ஊத்தினீங்களா?”

“இல்லையே.”

“அப்புறம் ஏன் அழுது?”

சடையாண்டி கையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். உள்ளே தரை முதல் உத்தரம் வரை சிமெண்டுப் பூச்சு. வெளியே கல் இடுக்கெல்லாம் சிமெண்டு.

“இதை யார் பூசினது?”

“நாங்கதான். எண்பத்தேழிலே. பதினெட்டு நாள் உண்ணாவிரதம் இருந்து அரசாங்கத்துக்கிட்டே வாங்கின சிமெண்டு. பன்னிரண்டு வீட்டுக்கும் நானே நின்னு பூச வச்சேன். அது எங்க வெற்றி.”

திம்மக்கா உளியையும் சுத்தியலையும் அவர் பக்கம் தள்ளினாள்.

“வெற்றியை உரிச்சுடலாமா?”

*

மூன்று நாள் ஏழாம் வீட்டை உரித்தார்கள். சிமெண்டு பலகை பலகையாகப் பெயர்ந்தது. அதோடு கல்லின் தோலும் பெயர்ந்து வந்தது. உரித்த இடத்தில் திம்மக்கா சுண்ணாம்புச் சாந்தை அமுக்கி வைத்தாள். கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய சாந்து. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

“இவ்வளவு மெத்துனு இருந்தா எப்படி நிக்கும்?”

“சாந்து மெத்துனு இருந்தாத்தான் கல்லு நிக்கும். ஈரத்தை அது குடிச்சு வெளியே விடும். உதிர்ந்தா வேற வச்சுக்கலாம். கல்லு உடைஞ்சா வேற கல்லுக்கு எங்கே போவீங்க?”

“நான் கொஞ்சம் மெத்துனு இருந்திருக்கணும்னு சொல்றே.”

“உங்களைப் பத்தி யார் பேசினா? நான் சாந்தைப் பத்திப் பேசறேன். அந்தச் சட்டியை எடுங்க.”

அவர் எடுத்தார்.

*

நான்காம் நாள் சடையாண்டி வழக்குக் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினார். டிரஸ்ட் கொடுத்த படம் ஒன்று அதில் இருந்தது. துரை பிறந்த இங்கிலாந்துக் கிராமம். ஓடைக்கரையில் ஒட்டி ஒட்டி நிற்கும் சிறு கல்வீடுகள். சரிந்த கூரை, கல் புகைபோக்கி, இரண்டு சாண் சன்னல்.

“அச்சு அசல் இதே மாதிரி துரை இங்கே கட்டினானாம். அதான் அவங்க பெரிய ஆதாரம்.”

திம்மக்கா கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். நகத்தால் ஒவ்வொரு கல்லாகத் தடவினாள்.

“நல்ல கை. வயக்காட்டிலே பொறுக்கின கல்லு. ஒண்ணுகூட வீணாக்கலே. காத்துப் பக்கம் சன்னலே வைக்கலே பாருங்க.” நிமிர்ந்தாள். “இதைக் கட்டினவங்க பேர் என்ன?”

சடையாண்டி படத்தின் அடியில் இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தார். கிராமத்தின் பெயர் இருந்தது. நிலப்பிரபுவின் பெயர் இருந்தது. படம் எடுத்தவர் பெயரும் இருந்தது.

“இல்லே.”

“அங்கேயும் விட்டுட்டாங்களா?”

அவள் நகம் படத்து வாசலுக்கு நகர்ந்தது.

“அங்கேயும் வாசல் தாழ்வாத்தான் இருக்கு, தலைவரே. அங்கே யாரு யாரைக் குனிய வச்சாங்க?”

“அது... குளிர்நாடு. காத்து.”

“நம்ம மலையிலே காத்து இல்லையா?”

“நீ யார் பக்கம் பேசறே?” சடையாண்டியின் குரல் ஏறியது. “எங்களைக் குனிய வைக்கத்தான் அப்படிக் கட்டினான். எங்கப்பா சொன்னார். அவங்கப்பா அவருக்குச் சொன்னார்.”

“துரை எவ்வளவு உயரம் இருப்பான்?”

“ஆறடிக்கு மேலே. பங்களாவிலே படம் தொங்குது. அவன் பங்களா வாசல் எட்டடி.”

“வீடு கட்டறவங்க வாசலுக்கு எதை அளவா வச்சுக்குவாங்க?”

“எனக்கென்ன தெரியும்? நீதான் கொத்தனார்.”

திம்மக்கா சாந்துச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசல் வழியாக வெளியே போனாள். உள்ளே வந்தாள். மறுபடி வெளியே போனாள். உள்ளே வந்தாள்.

அவள் குனியவில்லை. தலைக்கும் நிலைக்கல்லுக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தது.

சடையாண்டி அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்தார்.

விரல்விட்டு எண்ணினார்.

“எட்டாவது அநியாயம்... கட்டினவங்க பேர்...”

“எட்டாவது இல்லே. முதலாவதுக்கும் முன்னாடி.”

*

பூச்சு உரிக்கும் வேலை அடுப்பங்கரைக்கு வந்தது. அடுப்பு மாடத்தின் மேலே, புகைபோக்கியைத் தாங்கிக்கொண்டு, குறுக்கே ஒரு நீளக் கல் இருக்க வேண்டும். அதுவும் சிமெண்டுக்குள் இருந்தது.

சடையாண்டி உளியை வைத்தவர், எடுத்துவிட்டார்.

“இங்கே வேண்டாம்.”

“ஏன்?”

“எங்கம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தக் கல்லுக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைப்பாங்க. வரிசையிலே எல்லாப் பொம்பளைகளும் அவங்கவங்க வீட்டிலே வைப்பாங்க. எதுக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. மூடத்தனம்னு நான்தான் சண்டை போட்டேன். எண்பத்தேழிலே முதல் கரண்டிச் சிமெண்டை இதுமேலேதான் அடிச்சேன். என் கையாலே. அம்மா அன்னைக்குச் சாப்பிடலே.”

திம்மக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள்.

“எந்த இடத்திலே பொட்டு வைப்பாங்க?”

அவர் காட்டினார். நடுவில், ஒரு முழ நீளம்.

“மூணு தலைமுறைக்கு முன்னாடி உங்க ஆளுங்களும் எங்களை மாதிரி உளி பிடிச்சவங்கதானே?”

“அப்படித்தான் சொல்வாங்க. நாங்க தோட்டத்துக்குப் போயிட்டோம்.”

“எங்க ஆளுங்க கூலிக்குக் கட்டின வீட்டிலே பேர் வெட்ட மாட்டாங்க. கோயிலே கட்டினாலும் சரி, கோட்டையே கட்டினாலும் சரி. தனக்குன்னு கட்டினா அடுப்புக்கு மேலே பேரை வெட்டாம விட மாட்டாங்க.”

சடையாண்டியின் கை தானாக உளியைத் தேடியது.

“இருங்க, தலைவரே.”

“திறந்து பார்த்துடலாம்!”

“பாருங்க. உளி உங்க கையிலேதான் இருக்கு. வியாழக்கிழமை வக்கீல் வந்து, ‘இது நேத்து வெட்டினது’ம்பார்.”

“சாட்சிகள் முன்னாடி திறக்கணும்ங்கிறே.”

“ஆமா.”

“உள்ளே பேர் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

“இல்லாம இருந்தா?”

“வீடு துரையோடது. அவங்க எதிர்லேயே நிரூபிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிடும்.”

“பன்னிரண்டு குடும்பம்மா! நாற்பத்தாறு பேர்!”

“எண்ணிட்டேன்.”

அவள் வெளிச்சுவர் வேலைக்குப் போய்விட்டாள்.

சடையாண்டி அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கையில் உளி. ஒரு நகக்கீறல் போதும், கொஞ்சம் ஓரத்தை மட்டும் பெயர்த்துப் பார்த்து மறுபடி பூசிவிடலாம் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. பிறகு, பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வோம் என்று யோசித்தார். பூசிவிட்டுப் பேசாமல் இருப்போம். பழைய வரிசையையே ஐந்தாம் பதிப்பு போடுவோம்.

சாயங்காலம் திம்மக்கா உள்ளே வந்தபோது, அவர் எறிந்த உளி வாசலில் இருந்த சுண்ணாம்புத் தொட்டியின் அடியில் கிடந்தது. அவர் கைக்கு எட்டாத ஆழம்.

“நாளைக்குச் சீக்கிரம் வரணுமா?” என்று கேட்டார். “என்ன சுமக்கணும்னு நீங்க சொல்லுங்க.”

அவர் அவளை ‘நீங்க’ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

*

வியாழக்கிழமை வந்தது. கோட்டாட்சியர் வந்தார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். டிரஸ்ட் வக்கீல் வந்தார். பன்னிரண்டு வீட்டு ஆட்களும் ஏழாம் வீட்டு வாசலில் நின்றார்கள்.

சுவர் காய்ந்திருந்தது. கோட்டாட்சியர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சுவர் இருக்கட்டும் சார்,” என்றார் வக்கீல். துண்டறிக்கையை உயர்த்திப் பிடித்தார். “முதல் வரி. ‘வின்ஸ்லேட் துரை பன்னிரண்டு கல்வீடுகளைக் கட்டி.’ தலைவரே, இது உங்க எழுத்துதானே?”

“என் எழுத்துதான்.”

“அப்புறம் என்ன?”

“என் பொய்யும்தான்.”

கூட்டத்தில் சலசலப்பு. சங்கத்துப் பொருளாளர், “தலைவரே!” என்று பதறினார்.

சடையாண்டி பையிலிருந்து வேறொரு காகிதத்தை எடுத்தார்.

“என் புகாரை மாத்தி எழுதியிருக்கேன். முதலாவது அநியாயம். கட்டினது யாருன்னு நாற்பது வருஷத்திலே ஒருநாள்கூடக் கேட்காம, துரை கட்டினான்னு நான் எழுதினேன். அதைச் சொல்லக்கூடிய கல்லை என் கையாலேயே மூடினேன். துரை இதைச் செய்யலே. இவர் டிரஸ்ட் செய்யலே. நான் செஞ்சேன். மத்த ஏழையும் அப்புறம் படிக்கிறேன். அதிலேயும் சில தப்பு இருக்கு.”

வக்கீல் சிரித்தார்.

“சரி, துரை கட்டலே. எவன் கட்டினான்? பேர் சொல்லுங்க. கல் சுமந்தவன் பேர் எந்த ஊரிலே யாருக்குத் தெரிஞ்சிருக்கு?”

“உள்ளே வாங்க.”

கோட்டாட்சியர் முதலில் போனார். நிலைக்கல்லில் நெற்றி இடித்தது. வக்கீல் குனிந்து போனார். கிராம நிர்வாக அலுவலரும், திம்மக்காவும், சாட்சிக் கையெழுத்துப் போட அழைக்கப்பட்ட இரண்டு பேரும் போனார்கள்.

சடையாண்டி வாசலுக்கு வந்தார். எல்லாரும் அவர் திரும்பி நிற்பதற்காகக் காத்திருந்தார்கள்.

அவர் திரும்பவில்லை. கையிரண்டையும் நிலையில் வைத்து, தலையை நன்றாகத் தாழ்த்தி, முன்பக்கமாக உள்ளே போனார்.



அடுப்புக்கு மேலே ஒரு முழ நீளத்துக்குச் சிமெண்டு மிச்சம் இருந்தது. திம்மக்கா புது உளியைக் கொடுத்தாள். சடையாண்டி மூன்று அடி அடித்தார். நான்காவதில் அது மொத்தமாகக் கழன்று அடுப்புச் சாம்பலில் விழுந்தது.

கரி. அதன்மேல் பழைய மஞ்சள். கல் ஒரே கறுப்பாக இருந்தது.

“வெறும் புகைதான்,” என்றார் வக்கீல்.

சடையாண்டி உளியைத் தாழ்த்தினார். அவர் திம்மக்காவைப் பார்த்தார். அவள் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே அவருக்கு இடத்தைக் காட்டினாள்.

அவர் மடங்காத விரலைக் கல்லில் வைத்தார். கரி உதிர்ந்தது. விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. வளைவோடு போனது. ஏறியது. பள்ளத்துக்குள் மஞ்சள் கெட்டியாக உறைந்திருந்தது. எத்தனையோ வெள்ளிக்கிழமைகள்.

“எழுத்து சார்,” என்றார் கிராம நிர்வாக அலுவலர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “வெட்டின எழுத்து. ரொம்பப் பழசு.”

வக்கீல் கிட்டே வந்து குனிந்தார். மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அது வரவில்லை. நிமிர்ந்து துண்டறிக்கையை மடித்துப் பையில் வைத்தார்.

“யாராவது சத்தமாப் படிங்க,” என்றார் கோட்டாட்சியர். “சாட்சிகள் காதிலே விழணும். அப்பத்தான் எழுத முடியும்.”

“தலைவர் படிக்கட்டும்,” என்றாள் திம்மக்கா.

“சித்தாள்,” என்று திருத்தினார் சடையாண்டி.

விரலை முதல் எழுத்துக்குக் கொண்டுபோனார். இரண்டாம் எழுத்து. மூன்றாம் எழுத்து. அங்கே விரல் நின்றது. அவர் ஒரு ஆணின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். முதலிலிருந்து மறுபடி தடவினார்.

பிறகு வாசலைப் பார்த்தார். அதன் உயரத்தைப் பார்த்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“நாகக்கா.”

“வெளியே நிக்கிறவங்களுக்குக் கேக்கலே,” என்றாள் திம்மக்கா.

நாற்பது வருஷம் முழக்கம் போட்ட குரல் அவருக்குள் இன்னும் இருந்தது.

“நாகக்கா!”